எத்தாளையில் கூடாரம் போட்டால்

கற்பிட்டிக் குடாநாட்டின் ஒடுங்கிய மணல்பட்டியில் இருக்கிறது எத்தாளை. ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு. கூடாரம் அடிக்க வருகிறவர்கள் முதலில் காற்றைத்தான் அறிந்துகொள்ள வேண்டும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம் விடாமல் அடிக்கும். சாதாரண முளை மணலில் நிற்காது. சாக்கில் மணல் நிரப்பி, கயிற்றை அதில் கட்டிப் புதைத்தால்தான் கூடாரம் தப்பும். அந்தக் காற்றுக்காகவே உலகின் பல மூலைகளிலிருந்தும் பட்டச்சறுக்குக்காரர் இங்கே வருகிறார்கள். ஓங்கில் கூட்டம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கார்த்திகைக்குப் பிறகு, கடல் அடங்கிய மாதங்களில் வரட்டும்.

ஆனால் கடலில் குளித்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். வடக்கே கற்பிட்டியில் ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை நிற்கிறது. சுவரருகே போய்ப் பாருங்கள்: வெட்டிய முருகைக்கல்லில் பவளத்தின் சின்னஞ்சிறு கண்ணறைகள் இன்னும் தெரியும். கடலே எழும்பி மதிலாக நிற்கிறது என்றுதான் எனக்குப் படும். உள்ளே கடற்படை இருப்பதால் அனுமதி கேட்டுத்தான் போகவேண்டும்.

1859இல் ‘தமிழ் புளூட்டாக்’ நூலில் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதிய சைமன் காசிச்செட்டி பிறந்ததும் இதே கற்பிட்டியில்தான். பிள்ளைகளைக் கூட்டிவருகிறவர்கள் அவரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.