மொழி பயின்ற இரு அந்நியர்கள்

மேரி ஷெல்லியின் ‘பிராங்கன்ஸ்டைன்’ (1818), பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ (1897) ஆகிய இரு நாவல்களையும் பேய்க்கதைகள் என்று ஒரே வரிசையில் வைத்துவிடுவோர் பலர். இரண்டிலும் மனிதரிடையே வந்து கலக்க விரும்பும் ஓர் அந்நியன் மொழி பயில்கிறான். அதன்பின் வழிகள் பிரிகின்றன.

ஷெல்லியின் அரக்கனுக்குப் பெயரில்லை, நாவு உண்டு. பெலிக்ஸ் என்னும் இளைஞன், துருக்கிய வணிகர் ஒருவரின் மகளான சஃபிக்குப் பிரெஞ்சு மொழி கற்பிப்பதைச் சுவரிடுக்கின் வழியே கேட்டுக் கேட்டே அவன் பேசக் கற்றான். ஒரே பாடம், மாணாக்கர் இருவர். அயல்நாட்டுப் பெண்ணை அவ்வீடு ஏற்றுக்கொண்டது. இவனுக்குக் கிடைத்ததோ தடியடி. உடன் பயின்ற சஃபியும் இவனைக் கண்டு வெளியே ஓடினாள். பார்வையற்ற முதியவர் ஒருவரே இவன் சொல்லுக்குச் செவி கொடுத்தார். இந்த ஓரிடத்திற்காகவே நாவலை மீண்டும் படிக்கலாம்.

டிராகுலா பிரபுவும், லண்டனில் தன்னை எவரும் அயலானென்று அறியலாகாதென்று, ஹார்க்கரிடம் தன் உச்சரிப்பைத் திருத்தித் தரக் கேட்கிறான். ஆனால் இங்கிலாந்தில் கால்வைத்தபின் அவன் பேசும் இடங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. கதையைச் சொல்லும் நாட்குறிப்புகளும் கடிதங்களும் பெரும்பாலும் அவனை வேட்டையாடுவோருடையவை. உத்தி திறமையானதே; அச்சம் பெருகுகிறது. எனினும், குற்றவாளியின் வாக்குமூலம் கேளாது எழுதிய தீர்ப்பைப் படித்த உறுத்தல் எஞ்சுகிறது.

ஷெல்லியின் அரக்கனும் கொலைகாரனே. சிறுவன் வில்லியத்தையே கொன்றவன். அதை அவன் வாயாலேயே கேட்ட பிறகும், அவனை வெறுத்து நூலை மூடிவிட நமக்கு இயலுவதில்லை.