ஏடு தொடக்கிய அடுத்த நாள்

விஜயதசமி அன்று வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் கோயில்களில் ஐயர் பிள்ளையின் விரலைப் பிடித்து, தட்டில் பரப்பிய அரிசியில் 'அ' எழுதுவிக்கிறார். பெரும்பாலும் மூன்று வயதுப் பிள்ளைகள். எழுதுவது பிள்ளையல்ல, ஐயரின் கைதான். ஆனாலும் இந்தச் சடங்கில் நான் குறை காணவில்லை. பிழை திருத்துவாரில்லை, புள்ளி போடுவாரில்லை. எழுத்து என்பது பெரியவர்கள் கூடி மதிக்கும் ஒன்று என்று பிள்ளை உணர்ந்துகொள்கிறது.

குறை, அதன்பின் வரும் கொப்பியில் இருக்கிறது. நேர்சரிகள் பலவற்றில் புள்ளிக்கோட்டின்மேல் பென்சிலை ஓட்டுவதுதான் படிப்பு. தமிழ், ஆங்கிலம், சிலவேளை சிங்களமும். பக்கம் நிறைந்தால் பெற்றோருக்கு நிறைவு. பிள்ளைக்கு என்ன விளங்கியது என்று அந்தப் பக்கம் சொல்லாது.

அமெரிக்க உளவியலாளர் ஜூடி டிலோச் 1987இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே உதவும். ஓர் அறையின் சிறிய மாதிரியில் பொம்மையை ஒளித்துக் காட்டி, உண்மையான அறையில் அதே இடத்தில் இருக்கும் பெரிய பொம்மையைத் தேடச் சொன்னார். மூன்று வயதினர் பெரும்பாலும் நேரே போய் எடுத்தார்கள். இரண்டரை வயதினர் தடுமாறினார்கள். மாதிரியில் ஒளித்த இடம் அவர்களுக்கு நினைவிருந்தது. அந்த மாதிரி வேறோர் அறையைக் குறிக்கிறது என்பதுதான் பிடிபடவில்லை. மூன்று வயதில் அப்போதுதான் திறக்கிற கதவு அது. மாதிரி அறையாவது அறையைப் போலிருக்கும்; எழுத்து எதைப்போலவும் இருப்பதில்லை. போதாததற்கு, 'கெ' என்பதில் ககரத்தின் பின் ஒலிக்கும் எகரத்துக்குக் கொம்பை முன்னால் போடுகிறோம். நாலு வயதுப் பிள்ளை கொம்பைப் பின்னால் போட்டால் அது கவனக்குறைவல்ல, காது கேட்ட ஒழுங்கில் எழுதுகிறது.

மும்மொழியைக் கொப்பியில் திணிப்பதைத்தான் மறுக்கிறேன், மும்மொழிச் சூழலை அல்ல. காலி வீதியில் ஒரே பலகையில் மூன்று எழுத்துகளைப் பார்த்து வளர்வது கொழும்புப் பிள்ளைக்கு வாய்த்த பேறு. எழுத்துத் தெரியுமுன்னே '100' என்ற இலக்கத்தைக் கண்டு நம்முடைய பஸ் என்று கைகாட்டும் பிள்ளை, குறியீட்டை அதன் பயனோடு கற்றுவிட்டது. கிறுக்கலைக் காட்டி "இது அம்மம்மா" என்பதும் அதே வேலைதான். பாவனை விளையாட்டிலும் வரைதலிலும் எழுத்தின் வேர் இருக்கிறது என்று சோவியத் உளவியலாளர் வைகோட்ஸ்கி சொன்னதை நம் நேர்சரிகள் இன்னும் காதில் போடவில்லை.

பெற்றோரின் பயம் எனக்கு விளங்காததல்ல. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை இப்போதே கண்முன் நிற்கிறது. ஆனால் அரச பாடசாலையில் முதலாம் தரத்துக்குப் பிள்ளையின் கையெழுத்தைச் சோதித்து இடம் கொடுப்பதில்லை. ஆகவே நேர்சரிக்குப் போனால், எத்தனை எழுத்து எழுதினான் என்று கேட்காதீர்கள். இன்று என்ன வரைந்தான், அதைப்பற்றி என்ன சொன்னான் என்று கேளுங்கள்.