ராத்திரி ரெண்டு மணிக்கு யார்?

துறையூரில் அப்பா அம்மாவை விட்டுவிட்டு சென்னையிலோ, பெங்களூரிலோ, சிங்கப்பூரிலோ வேலை பார்க்கிறவரா நீங்கள்? என்றாவது ஒருநாள் முதியோர் இல்லம் தேடிக் கிளம்பத்தான் போகிறீர்கள். உள்ளூரிலேயே பார்ப்பீர்கள். அல்லது 'ரங்கநாதர் காலடியில் இருக்கட்டுமே' என்று ஸ்ரீரங்கம் வரை போவீர்கள். நிர்வாகி சுற்றிக் காட்டுவார். பளபளவென்று டைல்ஸ் தரை, சுவரில் சிவப்பாகத் தீயணைப்பு சிலிண்டர், வாசலில் சானிடைசர் பாட்டில். உங்களுக்கும் திருப்தி.

கொஞ்சம் பொறுங்கள். ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. ராத்திரி ரெண்டு மணிக்கு இங்கே எத்தனை பேர் முழித்திருப்பார்கள்?

பாதுகாப்பு என்றாலே நமக்கு ஏதாவது பொருள் வாங்கி மாட்டுவதுதான். கணக்கு எழுதத் தெரிந்தவர்களுக்கு இதன் சூட்சுமம் புரியும். சிலிண்டர் சொத்துக் கணக்கில் வரும். ராத்திரி ஆயாவின் சம்பளம் செலவுக் கணக்கில் வரும். சிக்கனம் என்று வந்தால் எதில் கை வைப்பார்கள்?

2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு தனியார் இல்லத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்துபோனார்கள். ஓட முடியவில்லை, சங்கிலியால் கட்டிப்போட்டிருந்தார்கள். கொடூரம் என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிட்டோம். அந்தக் கொடூரத்துக்குள் ஒரு கணக்கும் இருக்கிறது. ஆள் போட்டுப் பார்த்துக்கொள்வதைவிடச் சங்கிலி மலிவு.

2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மாப்பிள்ளை உட்பட 50 பேருக்கு மேல் பலி. அது பகல் நேரம். வந்திருந்தவர்கள் எழுந்து ஓடக்கூடியவர்கள். அவர்களாலேயே முடியவில்லை. பக்கவாதம் வந்து படுத்திருக்கும் பெரியவர் நடுராத்திரியில் என்ன செய்வார்? அவருக்குத் தேவை இரண்டு பேருடைய கைகள். கூடவே, பூட்டிய இரும்புக் கதவின் சாவி.

நோய்த்தொற்றுக்கும் இதே கதைதான். 2020 தொடக்கத்தில் அமெரிக்காவின் கிர்க்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் கொரோனா புகுந்து பலரைக் கொண்டுபோனது. ஊழியர்கள் சிலர் உடம்பு சரியில்லாமலே வேலைக்கு வந்ததும், ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை பார்த்ததும் தொற்று பரவ உதவின என்று விசாரணையில் தெரிந்தது. பணக்கார நாட்டிலேயே இப்படி. நம் ஊர் ஆயா லீவு போட்டால் அன்றைய சம்பளம் போச்சு. வயிற்றுப்போக்கோடும் வருவார். டயபர் மாற்றிய கைதான் அடுத்த கட்டிலுக்குக் கஞ்சி ஊட்ட வேண்டும். பதினைந்து பேருக்கு ஒரே ஆள் என்றால், ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவ நேரம் எது?

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். வயதானவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் அடித்தே ஆகவேண்டும் என்பதில்லை. திடீரென்று சாப்பாடு வேண்டாம் என்பார், பேச்சு குழறும், பெற்ற மகளையே யார் என்பார். தெர்மாமீட்டருக்கு இது தெரியாது. நேற்றும் அவரைப் பார்த்த ஆளுக்குத்தான் தெரியும். மாதத்துக்கு ஒரு ஆயா மாறும் இல்லத்தில் அப்படி யார் இருப்பார்?

சரி, 108 வந்துவிட்டது. துறையூரிலிருந்து திருச்சிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல். ஆம்புலன்ஸில் கூட யார் ஏறுவது? இருக்கிற ஒரே ஆள் ஏறிவிட்டால் மிச்சப் பேருக்கு யார் காவல்?

நிர்வாகிகளை மட்டும் திட்டிப் புண்ணியமில்லை. மாதக் கட்டணத்தைக் கேட்டதும் பேரம் பேசுகிறவர்கள் நாம்தானே! நன்கொடை கொடுத்தாலும் ஃபேன், கிரைண்டர், பீரோ என்றுதான் கொடுக்கிறோம். அதிலெல்லாம் 'உபயம்' என்று பெயர் எழுதலாம். ராத்திரி ஆயாவின் சம்பளத்தில் எங்கே எழுதுவது?

பிள்ளையின் பிறந்தநாளுக்கு இல்லத்தில் வடை பாயசத்தோடு சாப்பாடு போடப் போகிறீர்களா? ரொம்ப சந்தோஷம். போடுவதற்கு முன்னால் நிர்வாகியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். "ராத்திரிக்கு இன்னொரு ஆள் போட மாசம் எவ்வளவு ஆகும் சார்? உடம்பு சரியில்லாதபோது அவங்களுக்குச் சம்பளத்தோட லீவு தர எவ்வளவு ஆகும்?"

தொகை தெரிந்ததும், இன்னும் நாலு பிள்ளைகளுக்குப் போன் போடுங்கள். அவர்களுடைய அப்பா அம்மாவும் அங்கேதான் இருக்கிறார்கள்.