சந்தியில் நிற்கும் பெண்: குறுக்குவெட்டுப் பெண்ணியமும் தமிழ் மொழிபெயர்ப்பும்

0. முன்னுரை

அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989-இல் வெளியிட்ட கட்டுரையில் முன்வைத்த கருத்தாக்கம், தமிழில் ‘குறுக்குவெட்டுப் பெண்ணியம்’, ‘ஊடுவெட்டுப் பெண்ணியம்’ முதலான தொடர்களால் வழங்கப்படுகின்றது. இனம், சாதி, வர்க்கம், பால், மொழி ஆகியன ஒரு பெண்ணின் வாழ்வில் தனித்தனியே இயங்குவதில்லை. ஒன்றையொன்று மாற்றி ஒருங்கே இயங்குகின்றன என்பது இதன் சாரம். இக்கருத்துக்குக் கலைச்சொல் கிடைத்துவிட்டது. ஆனால் அது மொழிபெயர்ப்பாளரின் அன்றாடப் பணியோடு கொண்டுள்ள தொடர்பு போதிய அளவு ஆராயப்படவில்லை. அத்தொடர்பினை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கலைச்சொல்லின் பொருள்

‘குறுக்குவெட்டு’ என்றதும் தமிழ்வழிப் பயின்றோர்க்கு நினைவுக்கு வருவது தாவரத் தண்டின் குறுக்குவெட்டுத் தோற்றம். ‘வெட்டு’ என்னும் சொல்லோ கணிதத்தில் இரு கணங்களுக்குப் பொதுவான உறுப்புகளைக் குறிக்கும். முன்னது ஒரு பொருளை அறுத்துப் பார்த்தல்; பின்னது இரு வட்டங்கள் மேற்பொருந்தும் இடம். கிரென்ஷா கருதிய உருவகம் இவ்விரண்டும் அன்று; அது பல தெருக்கள் கூடும் சந்தி. அங்கு நிற்பவர்மீது எத்திசையிலிருந்து வரும் வண்டியும் மோதலாம். ஒரே நேரத்தில் பலவும் மோதலாம்.

அவர் எடுத்துக்காட்டிய வழக்குகளுள் ஒன்று ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தைப் பற்றியது. அந்நிறுவனம் 1964-க்கு முன்னர்க் கறுப்பினப் பெண்களைப் பணியில் அமர்த்தவில்லை. பின்னர் ஆட்குறைப்பு வந்தபோது பணிமூப்பு விதியின்படி, 1970-க்குப் பின் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அனைவரும் வேலையிழந்தனர். 1976-இல் தீர்ப்பளித்த நீதிமன்றம், பெண்கள் முன்பே பணியில் இருந்தமையால் பால் பாகுபாடு இல்லை என்றது. இனத்தையும் பாலையும் இணைத்துப் புதியதோர் உரிமை கோர இயலாது என்றும் கூறியது. முன்பே பணியில் இருந்த அப்பெண்களோ வெள்ளையர். ‘பெண்’ என்றபோது வெள்ளைப் பெண்ணும், ‘கறுப்பர்’ என்றபோது கறுப்பு ஆணும் பொதுநிலையாகக் கொள்ளப்பட்டமையால் கறுப்பினப் பெண் இரண்டிலும் விடுபட்டார்.

தமிழில் ‘சந்தி’ தெருக்கள் கூடுமிடத்தை மட்டுமன்றிப் புணர்ச்சியையும் குறிக்கும். கல் + தூண் = கற்றூண் என்பதில் லகரமும் திரிகின்றது; தகரமும் திரிகின்றது. சொற்கள் இரண்டும் நிற்கின்றன. எனினும் கூடுமிடத்தில் எதுவும் பழைய வடிவில் இல்லை. சாதியும் பாலும் கூடுமிடமும் இத்தகையதே. அதனை இயல்புப் புணர்ச்சியாகக் கருதி ‘சாதிக் கொடுமை + பெண் கொடுமை’ எனக் கூட்டிக் காட்டுவது பிழையாகும்.

2. ‘சங்கதி’ காட்டும் சான்று

இக்கலைச்சொல் தமிழில் பரவுமுன்னரே அதன் பொருளைத் தமிழ்ப் படைப்பு எடுத்துரைத்துவிட்டது. பாமாவின் ‘கருக்கு’ 1992-லும் ‘சங்கதி’ 1994-லும் வெளிவந்தன. ‘சங்கதி’யில் வரும் தலித் இளம்பெண் ஒருவர், மேல்சாதி நிலவுடைமையாளரின் அத்துமீறலிலிருந்து தப்பி ஓடுகின்றார். தன் செயல் வெளிப்படுமோ என அஞ்சிய அவர், முந்திக்கொண்டு அப்பெண்மீதே பழி சுமத்துகின்றார். ஊர்க்கூட்டம் கூட்டுவதும் தண்டம் விதிப்பதும் அப்பெண்ணின் சொந்தச் சாதி ஆண்கள். உடன் குற்றம் சாட்டப்பட்ட இளைஞனைவிடப் பெண்ணுக்கே மிகுதியான தண்டம் விதிக்கப்படுகின்றது.

இந்நிகழ்வைச் சாதிக் கொடுமை என்று மட்டும் படித்தால், தண்டம் விதித்தோர் தலித் ஆண்கள் என்பது விளங்காமற்போகும். ஆணாதிக்கம் என்று மட்டும் படித்தால், உண்மை தெரிந்தும் நிலவுடைமையாளரை எதிர்த்துப் பேச அவ்வாண்களால் ஏன் இயலவில்லை என்பது விளங்காமற்போகும். அவர்களின் கூலி அவர் கையில் உள்ளது. சாதி தந்த அச்சமே ஊர்க்கூட்டத்தில் பெண்ணின்மீதான தண்டமாகத் திரிகின்றது. தலித் பெண்கள் வேறுபடப் பேசுகின்றனர் என 1995-இல் கோபால் குரு எழுதியதன் பொருத்தத்தை இங்குக் காணலாம்.

3. இடப்பெயரில் கூடும் பாலும் மதிப்பும்

‘சங்கதி’ லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் மொழிபெயர்ப்பில் 2005-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. இத்தகைய நூல்களை மொழிபெயர்ப்போர் எதிர்கொள்ளும் சிக்கல் வட்டாரச் சொற்களில் மட்டும் இல்லை, இலக்கணத்திலேயே உள்ளது. எழுத்துத் தமிழில் படர்க்கை ஒருமை இடப்பெயர் பாலைக் காட்டினால் மதிப்பைக் காட்டாது (அவன், அவள்). மதிப்பைக் காட்டினால் பாலைக் காட்டாது (அவர்). பேச்சுத் தமிழிலோ ‘அவரு’ பெரிதும் ஆணுக்கும், ‘அவங்க’ மதிப்புக்குரிய பெண்ணுக்கும் வழங்குகின்றன. ஆகவே ‘பெண்’ என்பது தமிழில் மதிப்பு நிலையினின்று பிரித்துச் சொல்லக்கூடிய இலக்கணக் கூறாக இல்லை. எந்தப் பெண் ‘அவள்’, எந்தப் பெண் ‘அவங்க’ என்பதை வயது, உறவு, சாதி, செல்வம் ஆகியன சேர்ந்தே முடிவு செய்கின்றன.

கூலிப் பெண் நிலவுடைமையாளரை ‘அய்யா’ என மதிப்பு விகுதியுடன் விளிக்க, வயதில் மூத்த அவரையும் நிலவுடைமையாளர் ஒருமையில் விளிக்கும் உரையாடலை ஆங்கிலமாக்குங்கால், இருவர்க்கும் ஒரே முன்னிலைச் சொல்லே கிடைக்கின்றது. சாதி மறைந்து பால் மட்டும் எஞ்சுகின்றது. ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குங்கால் நிலைமை தலைகீழாகும். மருத்துவர் ‘அவர்’ எனவும் வீட்டுப் பணிப்பெண் ‘அவள்’ எனவும் ஒரே பக்கத்தில் அமைந்துவிடுதல் உண்டு. மூலத்தில் இல்லாத படிநிலையை மொழிபெயர்ப்பாளர் தம்மையறியாது புகுத்திவிடுகின்றார்.

4. ஜோகுபாளையம்: மொழி என்னும் மற்றொரு தெரு

பெங்களூருவில் அல்சூரை அடுத்துள்ள ஜோகுபாளையத்தில் இச்சந்தியில் மேலும் ஒரு தெரு கூடுகின்றது. 1809-இல் அமைந்த பிரித்தானியப் படைக் குடியிருப்பைத் தொடர்ந்து இவ்வட்டாரத்தில் தமிழர் குடியேற்றம் பெருகிற்று. 1991 திசம்பரில் காவிரிச் சிக்கலையொட்டி நிகழ்ந்த வன்முறையும், அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டு வரை திறக்கப்படாதிருந்தமையும் மொழி இங்கு அடையாளச் சிக்கலாக இருந்ததைக் காட்டும்.

இப்பகுதியில் வாழும் தமிழ் பேசும் தலித் வீட்டுப் பணியாளர் ஒருவர் முறையீடு செய்வதாகக் கொள்வோம். தமிழில் சொல்வது கன்னடத்தில் எழுதப்படும், மேல்முறையீட்டில் ஆங்கிலமாகும். கன்னடத்தில் ‘அவளு’, ‘அவரு’ இரண்டிற்கும் இடைப்பட்ட மதிப்புடைய பெண்பால் வடிவமாக ‘ஆகெ’ உண்டு. தமிழில் அதற்கு நேரான வழக்கு இல்லை. ஒவ்வொரு பெயர்ப்பிலும் அவருடைய நிலை ஒருமுறை மாறுகின்றது.

சென்னையில் பிறந்து பெங்களூருவைக் களமாகக் கொண்ட ரூத் மனோரமா, நகர்ப்புறக் குடிசைப்பகுதிப் பெண்களிடையே பணியாற்றி, 1995-இல் தேசிய தலித் பெண்கள் கூட்டமைப்பு உருவாக முன்னின்றார். 2006-இல் ரைட் லைவ்லிஹுட் விருது பெற்றார். சாதி, வர்க்கம், பால் மூன்றையும் ஒருங்கே காணவேண்டும் என்னும் அவர்தம் நிலைப்பாட்டுக்கு இத்தகைய நகர வாழ்வே களமாயிற்று எனலாம்.

5. ஓர் ஏகாரத்தின் விலை

இவற்றை நுண்ணிய மொழிச்சிக்கல் எனத் தள்ளிவிட இயலாது என்பதற்குச் சட்டமே சான்று. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவு 3(2)(v), பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் ‘என்ற காரணத்தால்’ குற்றம் இழைக்கப்பட்டிருக்க வேண்டும் என்றது. பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண் ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளான வழக்கில், 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் குறுக்குவெட்டுக் கருத்தாக்கத்தை விரிவாக ஆராய்ந்தது. ‘காரணத்தால்’ என்பதைக் ‘காரணத்தால் மட்டுமே’ எனப் படித்தல் ஆகாது எனவும் விளக்கியது. வன்கொடுமைக்கான ஆயுள் தண்டனையை அது உறுதி செய்தது. எனினும் சாதிக் காரணத்திற்குத் தனிச் சான்று இல்லையெனக் கூறி, மேற்குறித்த பிரிவின் கீழான தண்டனையை நீக்கியது. 2016 சனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அத்தொடரை ‘என அறிந்து’ என்னும் பொருள்பட மாற்றியிருந்தது. ஆனால் அக்குற்றம் 2011-இல் நிகழ்ந்தது.

தமிழில் ‘சாதியின் காரணமாக’ என்பதற்கும் ‘சாதியின் காரணமாகவே’ என்பதற்கும் இடையே நிற்பது பிரிநிலை ஏகாரம் ஒன்றே. அழுத்தத்திற்காக மொழிபெயர்ப்பாளர் சேர்க்கும் அவ்வோரெழுத்து, பிற காரணங்கள் அனைத்தையும் விலக்கிவிடும். சந்தியில் நிற்கும் பெண்ணை ஒற்றைத் தெருவுக்குத் தள்ளிவிடும்.

6. முடிவுரை

‘குறுக்குவெட்டு’ என்னும் சொல் வழக்கில் ஊன்றிவிட்டமையால் அதனை மாற்றுவது எளிதன்று. அதன் பொருளைச் சந்தி எனக் கொண்டு வழங்குதல் இயலும். மூலத்தில் சாதி, வர்க்கம், மொழி ஆகியன இடப்பெயரிலும் விளியிலும் இடைச்சொல்லிலும் வெளிப்படும் இடங்களை முதலில் குறித்துக்கொண்டு பெயர்த்தல் வேண்டும். பெயர்ப்புமொழியில் அவ்வடிவம் இல்லாதவிடத்து, விளிச்சொல்லை அவ்வாறே நிறுத்தியோ சூழல் விளக்கத்தாலோ ஈடுசெய்தல் வேண்டும். தமிழாக்கத்தில் ‘அவர்’ என்னும் மதிப்பைத் தொழில் நோக்கி வழங்காது அனைவர்க்கும் ஒருசேர வழங்குதல், இவற்றுள் உடனே மேற்கொள்ளத்தக்கதாகும்.