கண்ணுக்குக் கீழே ஒரு குழி

புருவ நடுவை இரண்டு தடவை தொட்டுவிட்டு முகம் முழுவதும் கைவசமாகிவிட்டதாக நினைக்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. புருவ நடு யார் அழுத்தினாலும் சுகம் தரும். வர்மக்காரர் அதைத் திலர்த காலம் என்று பயபக்தியோடு சொல்வதும், படுவர்மம் பன்னிரண்டில் ஒன்றாக வைத்துக் காப்பதும் நியாயம்தான். அடிபட்டால் ஆளை விழுத்துகிற இடம். ஆனால் தன் முகத்தில் தானே கைவைக்கிறவரின் விரலைச் சோதிக்கிற இடம் வேறு. அக்குபங்சர் எண்ணிவைத்த 361 புள்ளிகளிலும் என் மனம் போய் நிற்பது இரைப்பைப் பாதையின் இரண்டாம் புள்ளியான எஸ்.ரி. 2 இல். கருமணிக்கு நேர்கீழே, கண்குழியின் எலும்பு விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலம்கூட இறங்காத தூரத்தில் அந்தச் சின்னக் குழி.

முக நரம்பொன்று அந்தக் குழியில் உள்ள எலும்புத் துளையால்தான் வெளியே வருகிறது. கீழிமை, மூக்கின் பக்கம், மேலுதடு, மேல்வரிசை முன்பல் எல்லாவற்றின் உணர்வும் அதன் பொறுப்பு. ஆகவே விரல் சரியாக விழுந்ததா என்று எவரிடமும் கேட்க வேண்டியதில்லை. மேலுதட்டிலோ முன்பல்லின் வேரிலோ ஒரு மந்தமான நோவு ஊறும். ஊறாவிட்டால் நீங்கள் கன்னத்தைத் தடவிக்கொண்டிருக்கிறீர்கள். புருவத்தின் கீழ்விளிம்பில் தட்டுப்படும் பள்ளம், இந்தக் குழி, நாடியில் இருக்கும் துளை மூன்றும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் விழுவதைக் கண்ணாடி முன்னால் நின்று விரலால் கண்டுபிடித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

மட்டக்களப்பில் இந்தக் குழிக்கு வேலை அதிகம். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, காய்ந்து சுட்டுக்கொண்டு நம் பக்கம் இறங்குகிறதே, அந்தக் கச்சான் வீசும் ஆனி ஆடியில் வாவியில் பட்ட வெயில் கண்ணைக் குத்தும். வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைக்காரருக்குக் காலையில் மட்டும்தான் அந்த உபத்திரவம். வாவிக்கும் கடலுக்கும் நடுவே எழுவான்கரையில் இருக்கிற எங்களுக்குக் காலையில் கடல், பின்னேரம் வாவி. பகல் முழுக்கக் கண்ணைச் சுருக்கி வைத்திருந்த இறுக்கம் கண்ணைச் சுற்றித் தங்கி, விளக்கு வைக்கிற நேரத்தில் தலையிடியாக எழும்பும். அப்போது மேசையில் முழங்கைகளை ஊன்றி, இரண்டு சுட்டுவிரல் நுனிகளையும் குழியில் வைத்து, தலையின் பாரத்தை மெல்ல அதில் இறக்க வேண்டும். விரல் சும்மா நிற்கட்டும், தலை வந்து சாயட்டும். ஏழெட்டு மூச்சுக்குப் பிறகு கீழிமை தளர்வது தெரியும்.

என் பெரியம்மா இப்படித்தான் இருப்பா. நெல் அவித்த புகையில் கண் சிவந்து வந்து, திண்ணையில் முழங்காலைக் கட்டி, முழங்காலில் கை ஊன்றி, கண்ணுக்குக் கீழே விரல் வைத்திருப்பா. புள்ளி, பாதை ஒன்றும் அவவுக்குத் தெரியாது. நான் பார்த்துச் செய்யப்போனால், “அமத்தாத மனே, சும்மா வெச்சிரு” என்பா. இதைவிடச் சுருக்கமான பாடத்தை எந்த நூலிலும் நான் காணவில்லை.

1963 தொடக்கம் சீனப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் செய்துவரும் கண் பயிற்சியில் இந்தப் புள்ளிக்கென்று ஒரு பகுதியே உண்டு. சுட்டுவிரலையும் நடுவிரலையும் சேர்த்து மூக்கின் இரு பக்கமும் வைத்து, பெருவிரலைத் தாடையில் ஊன்றி, நடுவிரலை மட்டும் எடுத்துவிட்டால், சுட்டுவிரல் நிற்கிற இடம்தான் புள்ளி. எவ்வளவு நேர்த்தியான அளவுகோல்! ஆனால் ஒலிபெருக்கி எட்டுவரை எண்ண எண்ண அவர்கள் தேய்க்கிற வேகத்தைப் பார்த்தால் எனக்குக் கண் கூசுகிறது. அங்கே கண்ணாடி போடும் பிள்ளைகளின் தொகையும் அதனால் குறைந்துவிடவில்லை. நம் நாட்டில் களுபோவில வைத்தியசாலையில் அன்ரன் ஜயசூரிய வெளிநாட்டாருக்கெல்லாம் அக்குபங்சர் படிப்பித்த காலமும் ஒன்று இருந்தது. அது ஊசியின் புகழ். விரலைப் பற்றிப் பேச அன்றும் ஆளில்லை.

வாடை தொடங்கி மூக்கடைக்கும் மார்கழியில் மூக்கோரத்து எல்.ஐ. 20தான் ராசா என்று சண்டைக்கு வருகிற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. வலக்கைச் சுட்டுவிரலில் புறப்பட்ட பெருங்குடல் பாதை மேலுதட்டின் மேல் குறுக்கே கடந்து இடது மூக்கோரத்தில் போய் முடிகிறது என்ற அந்தக் கற்பனைக்கு மயங்காமல் இருக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். மூக்கும் திறக்கும். ஆனால் தேநீர் குடித்து முடிவதற்குள் மறுபடி அடைத்துவிடும். இன்னொரு கூட்டம் முகத்துக்கு முகத்தையே தொடாமல் கையில் எல்.ஐ. 4 ஐப் பிடித்துக்கொண்டிருக்கும். பிள்ளைத்தாய்ச்சி அந்தப் புள்ளியைத் தொடக்கூடாது என்பதையாவது அவர்கள் மறக்காமல் இருந்தால் சரி. சைனசில் சீழ் கட்டி, காய்ச்சலும் கன்னவீக்கமும் கண்டால் எந்தப் புள்ளியும் உதவாது. போதனா வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும்.

இப்போது பச்சைக்கல் உருளைகளின் காலம். கன்னம் மெலியும், முகம் பளபளக்கும் என்று கைபேசியில் ஒரு பெண்பிள்ளை மேல்நோக்கி உருட்டிக் காட்டுகிறாள். பார்த்த பிள்ளைகள் பட்டணத்துக் கடைகளில் வாங்கி உருட்டுகிறார்கள். கல்லுக்குக் குழி தெரியுமா? எலும்பின் மேடு பள்ளம் எல்லாம் அதற்கு ஒன்றுதான். நீள நகம் வளர்த்து அதற்கு வர்ணமும் பூசிய பிறகு விரல்நுனி எலும்பைத் தொட வழியில்லை என்பதால், கல்லைக் கையிலெடுக்கிறார்கள் போலும்.

அதையும் மன்னித்துவிடலாம். கோடாலித் தைலத்தையோ சித்தாலேபவையோ தடவிக்கொண்டு இந்தக் குழிக்கு விரலைக் கொண்டுபோகிறவர்களை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது. கண்ணீர் வடிவதை வைத்தியம் வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். எரிவில் நோவு ஊறுவதும் தெரியாது, இமை தளர்வதும் தெரியாது. நெற்றிக்கு வேண்டுமானால் தாராளமாகப் பூசுங்கள், பிறகு சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வாருங்கள்.