ஒரே நிரலுக்கு எத்தனை முகவரி?

டெபியன் 10 வந்த புதிதில், தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவர் இரவு போன் செய்தார். "அண்ணா, யூசர்மாட் அடிச்சா கமாண்ட் நாட் ஃபவுண்ட்னு வருது. ரூட்லதான் இருக்கேன். திரும்ப இன்ஸ்டால் பண்ணணுமா?"

நிரல் அவர் கணினியில் பத்திரமாகத்தான் இருந்தது, /யூஎஸ்ஆர்/எஸ்பின் அடைவுக்குள். அவர் 'எஸ்யு' என்று மட்டும் அடித்து ரூட் ஆகியிருந்தார். அந்த வெளியீட்டில் எஸ்யுவின் நடத்தை மாறிவிட்டது. சாதாரணப் பயனரின் பாத், அதாவது ஷெல் நிரல்களைத் தேடும் அடைவுகளின் பட்டியல், அப்படியே தொடர்ந்தது. அதில் எஸ்பின் கிடையாது. "எஸ்யு, ஒரு ஸ்பேஸ், ஒரு ஹைஃபன் போட்டு அடிங்க தம்பி" என்றேன். வேலை முடிந்தது. ஆனால் அவர் செய்ததில் என்ன தவறு என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. நிர்வாக அதிகாரம் அவரிடம் இருந்தது, நிரலும் இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஓர் அடைவின் பெயர் குறுக்கே நின்றது.

லினக்ஸில் நிரல்கள் எங்கே இருக்க வேண்டும் என்ற விவாதத்தை நான் இந்த இடத்திலிருந்துதான் பார்க்கிறேன்.

பொது நிரல்களுக்கு /பின், /யூஎஸ்ஆர்/பின், நிர்வாகிக்கானவற்றுக்கு /எஸ்பின், /யூஎஸ்ஆர்/எஸ்பின் என நான்கு அடைவுகள். இந்த இரட்டிப்பு வந்த கதை தட்டுப்பாட்டின் கதை. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை வளர்த்தபோது ஒரு வட்டின் கொள்ளளவு சில மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். /யூஎஸ்ஆர் என்பது பயனர்களின் கோப்புகளுக்கான தனி வட்டு. முதல் வட்டில் இடம் போதாதபோது நிரல்களும் அங்கே குடியேறின. இரண்டாம் வட்டை இணைக்கும் மவுன்ட் நிரல் முதல் வட்டில் இருந்தே ஆக வேண்டும் அல்லவா? எனவே கணினி எழுந்து நிற்கத் தேவையானவை /பின் அடைவில், மற்றவை /யூஎஸ்ஆர்/பின் அடைவில். அன்றைக்கு அது சரியான தீர்வு. பிற்பாடு பல கணினிகள் ஒரே /யூஎஸ்ஆரை நெட்வொர்க் வழியே பகிர்ந்துகொண்ட காலத்திலும் அந்தக் கோடு உதவியது. லினக்ஸ் உலகம் 1994இல் தன் முதல் அடைவுத் தரத்தை எழுதியபோது கோடு விதியாகிவிட்டது.

பிறகு காரணம் போனது, விதி மட்டும் தங்கியது. கர்னலோடு சேர்ந்து நினைவகத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு கோப்பு முறைமையே இன்று வட்டுகளைத் தேடி இணைத்துவிடுகிறது. இதற்கிடையே பூட் வேலையில் பங்கேற்கும் நிரல்கள் பலவும் /யூஎஸ்ஆருக்குள் இருக்கும் லைப்ரரிகளை நம்பத் தொடங்கியிருந்தன. /யூஎஸ்ஆர் இல்லாமல் எழும் கணினி நொண்டியது.

ஃபெடோரா 2012இல் தன் 17ஆம் வெளியீட்டில் /பின், /எஸ்பின் இரண்டையும் /யூஎஸ்ஆருக்குள் நகர்த்தி, பழைய இடங்களில் புதிய இடத்தைக் காட்டும் சிம்லிங்க் வைத்தது. 2013இல் ஆர்ச் எல்லாவற்றையும் /யூஎஸ்ஆர்/பின் என்ற ஒரே அடைவில் சேர்த்தது. இந்த இணைப்பால் வந்த நன்மை பெரிது. இயங்குதளம் தரும் நிரல்கள் ஒரே மரத்தின் கீழ் வருவதால் அதைப் படிக்க மட்டும் என்று பூட்டலாம். அப்டேட்டுக்கு முன் ஸ்னாப்ஷாட் எடுத்து, கெட்டுப்போனால் பின்வாங்கலாம். ஸ்கிரிப்டின் முதல் வரியில் /பின்/பாஷ் என்று எழுதினாலும் /யூஎஸ்ஆர்/பின்/பாஷ் என்று எழுதினாலும் ஓடும். நிர்வாகிகளின் எத்தனையோ மணி நேரத்தை இது ஒன்றே மிச்சப்படுத்தியிருக்கும்.

ஆனால் சரியான முடிவையும் தவறான வரிசையில் செய்யலாம். டெபியன் செய்தது அதுதான். 10ஆம் வெளியீட்டில், புதிதாக நிறுவும் கணினிகளில் சிம்லிங்குகள் வந்துவிட்டன. தொகுப்புகளைப் பதிவு வைக்கும் டிபிகேஜிக்கு அந்தச் செய்தி போகவில்லை. அதன் கணக்கில் /பின்/எல்எஸ் வேறு, /யூஎஸ்ஆர்/பின்/எல்எஸ் வேறு. டெபியன் 12இல் 'விச் எல்எஸ்' என்று கேட்டால் /யூஎஸ்ஆர் முகவரி வரும். அதே முகவரியைக் கொடுத்து எந்தத் தொகுப்புக்கு உரியது என்று டிபிகேஜியைக் கேட்டால், அப்படி ஒரு கோப்பே இல்லை என்று சொல்லும். இது எரிச்சல்தான், ஆபத்து வேறு இடத்தில் இருந்தது. ஒரு நிரல் ஒரு தொகுப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறி, கூடவே முகவரியும் மாறினால், புதிய தொகுப்பு கோப்பை வைத்த பிறகு பழையதன் மிச்சத்தை நீக்குவதாக நினைத்து டிபிகேஜி அந்தக் கோப்பையே அழித்துவிடக்கூடும். இதைத் தவிர்க்கவே தொகுப்புகளுக்குள் கோப்புகளை இடம் மாற்றத் தடை போட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். முதலில் டிபிகேஜியைத் திருத்தியிருந்தால் தன்னார்வலர்களின் அந்த உழைப்பு வேறு எதற்காவது போயிருக்கும்.

இணைப்பை எதிர்த்தவர்களின் கவலை ஒன்றை நான் மதிக்கிறேன். பழைய /பின், /எஸ்பின் இரண்டும், கணினி விழுந்துவிட்டால் தூக்கிவிட எவை வேண்டும் என்பதற்கான பட்டியலாகவும் இருந்தன. எல்எஸ் அடித்தால் கண்ணால் பார்க்கலாம். இனிட்ராம்எஃப்எஸ் அதே வேலையைச் செய்தாலும் சுருக்கிக் கட்டிய ஒரே கோப்பு அது. பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் குறைவு. ஃப்ரீபிஎஸ்டியில் /ரெஸ்க்யூ என்ற அடைவு உண்டு. வெளி லைப்ரரி எதையும் நம்பாமல் ஓடும் நிரல்கள் அதில் கிடக்கும். லினக்ஸில் அப்படி ஒன்றை எல்லோரும் ஏற்றிருந்தால் இணைப்புக்கு இவ்வளவு எதிர்ப்பு வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

எஸ்பினுக்கு மட்டும் என்னால் வாதாட முடியவில்லை. நிர்வாகிக்கு ஓர் அடைவு, மற்றவர்களுக்கு ஓர் அடைவு என்பது கேட்க ஒழுங்காக இருக்கிறது. ஆனால் தன் ஐபி முகவரியைப் பார்க்க விரும்பும் எல்லோரும் நிர்வாகிகள் அல்ல. டெபியனில் 'ஐபி' என்ற நிரல் /பின் அடைவில் இருக்கிறது, /எஸ்பினிலும் அதற்கு ஒரு சிம்லிங்க் இருக்கிறது. ஒரே நிரல் இரண்டு பக்கமும் இருக்கிறது. எஸ்பினில் இருப்பதால் எந்த நிரலுக்கும் கூடுதல் பாதுகாப்பும் கிடையாது. முழு முகவரியோடு யாரும் ஓட்டலாம். தடுப்பது கர்னலின் அனுமதிச் சோதனைதான். சாதாரணப் பயனரின் பாத்திலேயே எஸ்பினையும் சேர்த்திருந்த ஃபெடோரா, 2025இல் 42ஆம் வெளியீட்டில் அதையும் பின்னோடு இணைத்துவிட்டது.

டெபியன் 13இல் எஸ்பின் இன்னும் தனியாகத்தான் இருக்கிறது. அதையும் இணைக்கட்டும். இரண்டு அடைவிலும் ஒரே பெயரில் எவை இருக்கின்றன என்று எண்ணி, டிபிகேஜியின் பதிவைச் சரிசெய்து, அதன் பிறகு சிம்லிங்க் போடட்டும்.