படுகளமும் இரண்டாம் பாகமும்: முதிய வீரனின் மீள்வருகை பற்றிய ஒரு நோக்கு

மாண்ட வீரனை மீண்டும் எழுப்புதல் தமிழ் மக்களின் கலை மரபுக்குப் புதியதன்று. மலையகத் தோட்டங்களில் ஆடப்பட்டுவரும் பொன்னர் சங்கர் கூத்தின் உச்சக்கட்டம் படுகளமாகும். போரில் மாண்டு கிடக்கும் அண்ணன்மாரைத் தேடித் தங்கை அருக்காணி களத்துக்கு வருகிறாள். அவளது புலம்பலும் தெய்வ அருளும் அவர்களை எழுப்புகின்றன. ஆயினும் எழுந்தவர்கள் மறுபடியும் வாளெடுத்துப் பகைவர்மீது செல்வதில்லை. தங்கையோடு பேசுகின்றனர், தம் காலம் முடிந்ததென அவளுக்கு உணர்த்துகின்றனர், மீளவும் சாய்கின்றனர். காமன் கூத்திலும் இரதியின் ஒப்பாரி நிகழாமல் எரிந்த காமன் உயிர் பெறுவதில்லை. இவ்விரு கூத்துகளிலும் எழுப்புதல் என்பது இழப்பை மறுப்பதற்கான தந்திரமன்று. இழப்பை ஏற்றுக்கொள்வதற்காக மக்கள் கண்ட வழியாகும்.

திரைப்பட உலகில் இதனின்றும் முற்றிலும் வேறுபட்ட ஓர் எழுப்புதல் இன்று பெருகியுள்ளது. ஒரு காலத்தில் வெற்றி கண்ட சாகச நாயகன் பல ஆண்டுகளுக்குப் பின்னர் நரைத்த தலையோடு இரண்டாம் பாகத்திலோ நான்காம் பாகத்திலோ மீண்டும் ஆயுதம் ஏந்துகிறான். அவன் எதற்காக எழுப்பப்படுகிறான் என்பதே இவ்வகைப் படங்களை மதிப்பிடுவதற்குரிய முதல் வினாவாகும்.

இவ்வகையின் உலகறிந்த எடுத்துக்காட்டு ரம்போ. டேவிட் மொரெல் 1972இல் வெளியிட்ட நாவலின் முடிவில் ரம்போ இறந்துவிடுகிறான். போர்க்களத்துக்கு அனுப்பிய சமூகமே, திரும்பி வந்தவனை வேட்டையாடிக் கொல்கிறது என்பதே அந்நாவலின் துயரம். 1982இல் வெளிவந்த திரைப்படம் அவனை உயிரோடு விட்டது. எனினும் அதன் இறுதியில் அவன் தன் பழைய தளபதியின் முன்னே குழந்தையைப்போல் அழுகிறான். அந்த அழுகை, வியட்நாம் போரின் மீதான ஒரு குற்றச்சாட்டாக அமைந்தது. அவனை உயிரோடு விட்ட அந்த ஒரு முடிவே பின்வந்த பாகங்களுக்கெல்லாம் வாயிலைத் திறந்தது. 1985இல் வியட்நாமுக்கும் 1988இல் ஆப்கானிஸ்தானுக்கும் அவன் அனுப்பப்பட்டான். அழுதவன் மறைந்தான், அழிப்பவன் எஞ்சினான்.

இருபது ஆண்டுகளின் பின்னர், 2008இல், தமது 61ஆவது வயதில் சில்வெஸ்டர் ஸ்டலோன் தாமே இயக்கி நடித்த நான்காம் பாகம் தாய்லாந்து - பர்மா எல்லையில் நிகழ்கிறது. பர்மிய இராணுவத்தால் ஒடுக்கப்படும் கரேன் இன மக்களின் துன்பம் அப்படத்தின் களம். அத்துன்பம் மெய்யானது, உலகம் அதைக் கவனியாதிருந்தது என்பதும் மெய்யே. ஆனால், கரேன் மக்கள் அப்படத்தில் வெட்டுண்டு வீழும் உடல்களாகவே பெரிதும் தோன்றுகின்றனர். அவர்களது துயரம், நாயகன் ஜீப்பில் பொருத்திய கனரகத் துப்பாக்கியை இயக்குவதற்கான நியாயமாகச் சுருங்கிவிடுகிறது. அதே எல்லைப் பகுதியில்தான் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் யப்பானியர் அமைத்த மரண இரயில் பாதையில் மலாயாத் தோட்டங்களைச் சேர்ந்த ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் மாண்டனர். அம்மண்ணின் உண்மையான மனிதருக்கு வெகுசனத் திரையில் இடம் கிடைப்பதில்லை. வெளியிலிருந்து வரும் வீரனுக்கே கிடைக்கிறது. இறுதியில் ரம்போ தந்தையின் பண்ணைக்குத் திரும்புகிறான். அந்த வீடுதிரும்பலும் நிலைக்கவில்லை. 2019இல் அப்பண்ணையே அடுத்த கொலைக்களமாயிற்று.

தமிழ்த் திரையில் முதுமை நீண்ட காலம் மறைக்கப்பட்டே வந்தது. நானுஓயாவுக்கு ஏறிவரும் அதே புகையிரதப் பாதையிலுள்ள நாவலப்பிட்டியில் 1917இல் பிறந்த எம்.ஜி.ஆர்., 1978இல் வெளிவந்த 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' படத்தில் நாயகனாகப் போர்க்களம் புகுந்தபோது அவருக்கு வயது 60. அப்போது அவர் தமிழ்நாட்டின் முதலமைச்சர். ஆயினும் திரையில் அவர் இளம் பாண்டிய வீரனாகவே தோன்றினார். அக்கால இரசிகர் வேண்டியது மூப்பறியாத நாயகனை. இன்றைய படங்கள் மூப்பை மறைப்பதில்லை. நரையை முன்னிறுத்தி விளம்பரமும் செய்கின்றன. இதனை ஒரு வளர்ச்சி எனக் கருதலாமா என்பது ஆராயத்தக்கது.

1986இல் ராஜசேகர் இயக்கத்தில், சுஜாதாவின் எழுத்தில் வெளிவந்த 'விக்ரம்' களவாடப்பட்ட ஏவுகணையைத் தேடிச் செல்லும் இரகசிய உளவாளியின் கதை. மனைவியை இழந்தவன் என்ற துயரம் அவனுக்கு இருந்தபோதும், படம் அவனைக் கேளிக்கை நிரம்பிய சாகசத்துக்குள் விரைவாக இட்டுச் சென்றது. 36 ஆண்டுகளின் பின்னர், 2022 ஜூன் மாதத்தில், அதே பெயரில் லோகேஷ் கனகராஜ் அவனை மீட்டெடுத்தார். அப்போது கமல்ஹாசனுக்கு வயது 67. கமலின் இரசிகராகத் தம்மை வெளிப்படையாக அறிவித்துக்கொண்ட ஓர் இளைய இயக்குநர், தாம் பார்த்து வளர்ந்த நாயகனைத் தாமே மறுபடி படைத்தார். ஆகவே இப்படம் ஓர் இரசிகனின் காணிக்கையுமாகும்.

படத்தின் தொடக்கத்தில் கர்ணன் என்னும் முதியவர் முகமூடி அணிந்தோரால் கொல்லப்படுகிறார். அவர் யார் என்பதை அமர் என்னும் அதிகாரி விசாரிக்கிறான். குடிப்பழக்கமும் தளர்ச்சியும் ஒழுக்கக் குறைவும் உள்ள ஒரு மனிதரின் சித்திரம் சிறிது சிறிதாகத் திரள்கிறது. மகனைப் பறிகொடுத்த தந்தை ஒருவர் முதுமையில் சிதைந்துபோகும் வாழ்க்கை அது. இப்பகுதியில் படம் ஒரு மனிதரை நெருங்குகிறது. ஆனால் இடைவேளையில் அவர் உயிரோடு எழுகிறார். அவரே அக்குழுவின் தலைவர் எனத் தெரியவருகிறது. அத்தளர்ச்சி முழுவதும் வேடம் என்றாகிவிடுகிறது. எம்.ஜி.ஆர். காலத்துத் திரை இளமையை வேடமாக அணிவித்தது. இக்காலத் திரை முதுமையை வேடமாக அணிவித்துக் களைகிறது. இரண்டிலும் முதுமை என்னும் அனுபவம் நாயகனைத் தீண்டுவதில்லை. ஆகவே முன்னெழுந்த வினாவுக்கு விடை, வளர்ச்சி அன்று என்பதேயாகும்.

இப்படத்தில் உயர்ந்த ஒரு கற்பனையும் உண்டு. விக்ரமின் பேரக்குழந்தை இருதய நோயுடையது. பேரோசையை அது தாங்காது. வாழ்நாள் முழுவதும் வெடியோசையோடு பழகிய ஒருவர், ஓசையே எட்டாத ஓர் அறையை ஒரு சிசுவுக்காகக் காக்க நேர்வது ஆழமான முரண். அதனை இறுதிவரை பின்தொடர்ந்திருந்தால், ஒரு போர்வீரன் முதுமையில் மௌனத்தைக் கற்கும் கதையாக இது மலர்ந்திருக்கும். படம் அவ்வழியைக் கைவிட்டு அனிருத்தின் முழக்க இசைக்கும் பீரங்கிக்கும் திரும்புகிறது. குழந்தையின் செவிக்கு ஆகாத ஓசையே இரசிகனின் செவிக்கு விருந்தாகிறது. பெண்களின் நிலையும் அவ்வாறே. அமரின் மனைவி கொல்லப்படுவது அவனது சினத்தை மூட்டுவதற்கே உதவுகிறது. வீட்டுப் பணிப்பெண்ணாக வந்து குழந்தையைக் காத்து மடியும் முகவர் டீனா ஒருவரே தன் செயலால் நினைவில் நிற்கிறார். அவருக்கும் ஒப்பாரி வைக்கப் படத்துக்கு நேரமில்லை.

2024 ஜூலையில் வெளிவந்த ஷங்கரின் 'இந்தியன் 2' இதே சிக்கலை வேறொரு வகையில் வெளிப்படுத்துகிறது. 1996இன் 'இந்தியன்' நாயகன் சேனாபதி, நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் போரிட்டவர். இலஞ்சத்தால் மகளை இழந்த அவர், இலஞ்சம் வாங்கிய தன் மகனையே இறுதியில் கொல்கிறார். அத்தீர்ப்பின் நியாயம் விவாதத்துக்குரியது. ஆயினும் வன்முறையின் விலையை நாயகனே செலுத்தினான் என்பது அப்படத்தின் வலிமை. இரண்டாம் பாகத்தில் இளைஞர் சிலர் சமூக ஊடகத்தில் குரலெழுப்பி அவரைத் திரும்ப அழைக்கின்றனர். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டைத் தூய்மை செய்க என்கிறார் அவர். அதனைக் கேட்டு இலஞ்சம் வாங்கிய தந்தையைக் காட்டிக்கொடுத்த இளைஞன் தன் தாயை இழக்கிறான். அழைத்தவர்களே அவரைத் திரும்பிப் போகச் சொல்கின்றனர். இங்கே விலை செலுத்துபவர் பிறர்; நாயகன் அல்லன். இவ்விடம் ஆராயப்பட்டிருப்பின் படம் தன்னைத்தானே விமர்சித்திருக்கும். அதற்குப் பதிலாக ஒரு துரத்தற் காட்சியும், மூன்றாம் பாகத்துக்கான முன்னோட்டமும் வருகின்றன.

சேனாபதியின் படை வரலாறும் கருத்திற் கொள்ளத்தக்கது. 1943இல் நேதாஜி தென்கிழக்காசியாவில் அப்படைக்குத் தலைமையேற்றபோது அதிற் பெருமளவில் சேர்ந்தவர்களுள் மலாயா இறப்பர்த் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளரும் இருந்தனர். தோட்டப் பெண்கள் ஜான்சி ராணிப் படைப்பிரிவிற் சேர்ந்தனர். பால் வெட்டிய கைகள் துப்பாக்கி ஏந்தின. போர் முடிந்தபின் அக்கைகளுட் பல மீண்டும் பால் வெட்டச் சென்றன. அவர்களும் முதுமை எய்தினர். வர்மக் கலையால் பகைவரைச் செயலிழக்கச் செய்யும் ஒரு தனி மனிதரின் பின்னால் அக்கூட்டு வரலாறு மறைந்துபோகிறது.

இவ்விமர்சனத்துக்கு ஒரு மறுப்பு உண்டு. முதியோரை ஒதுக்கித் தள்ளும் சமூகத்தில் 67 வயதுக் கலைஞர் ஒருவர் மையப் பாத்திரம் ஏற்பது வரவேற்கத்தக்கதல்லவா என வினவலாம். வரவேற்கத்தக்கதே. கமல்ஹாசனின் நடிப்பில் பேரக்குழந்தையோடு தோன்றும் கணங்கள் அவரது நீண்ட அனுபவத்துக்குச் சான்று. ஆயினும் முதியவர் இளைஞனைப்போல் கொல்ல வல்லவர் என்று காட்டுவது முதுமைக்குச் செய்யும் மரியாதையன்று. கொல்லும் வலிமை உள்ளவரை மாத்திரமே மனிதன் மதிப்புடையவன் என்னும் பழைய கோட்பாட்டையே அது புதுப்பிக்கிறது.

இப்படங்கள் நானுஓயாவைச் சூழ்ந்த தோட்டங்களின் லயன் அறைகளிலும் பார்க்கப்படுகின்றன. அடுத்தடுத்த காம்பராக்களைப் பிரிப்பது ஒரு சுவர். ஒரு பக்கத்தில் இளைஞர் பார்க்கும் படத்தின் வெடியோசை, மறுபக்கத்தில் படுத்திருக்கும் முதியவரின் செவியிலும் விழுகிறது. அத்தலைமுறை 1977இன், 1983இன் வன்செயல்களைக் கண்டது. எரிந்த லயங்களை அறிந்தது. வன்னிக்குப் பெயர்ந்துபோய் அங்கே மூண்ட போரில் மடிந்த உறவினரை நினைவில் வைத்திருப்பது. அவர்களுட் சிலர் ஓய்வுபெற்ற பின்னரும் கைக்காசு வேலைக்காக மலையேறுகின்றனர். அவர்களது மீள்வருகைக்கு இசையில்லை. அது வீரமுமன்று, வறுமையின் நிர்ப்பந்தம். ஓய்வெடுக்க வேண்டிய உடலை மறுபடியும் வேலைக்கு இழுக்கும் அதே பொருளாதாரம்தான், வேறொரு தளத்தில், முடிந்துபோன கதையையும் முடியவிடாமல் இழுக்கிறது. பெயர் விலைபோகும் வரை நாயகனுக்கு ஓய்வில்லை.

இதில் இளைய தலைமுறைக்குரிய எச்சரிக்கையும் அடங்கியுள்ளது. ஓர் இளைய இரசிகர் விக்ரமை எழுப்புகிறார். இளைஞரின் குரல் சேனாபதியை அழைக்கிறது. தாம் செய்யவேண்டியதைச் செய்ய ஒரு முதியவர் ஆயுதத்தோடு வருவார் எனக் காத்திருப்பது, அவருக்கு ஓய்வையும் மறுக்கிறது. காத்திருப்போருக்குப் பொறுப்பையும் மறுக்கிறது.

படுகளத்தில் அருக்காணி தன் அண்ணன்மாரை எழுப்புவது இன்னொரு போருக்காக அன்று, விடைபெறுவதற்காக. விடிந்ததும் கூத்துக் கலைகிறது. பார்த்தவர் வேலைக்குச் செல்கின்றனர். மாண்டவர் மாண்டவராகவே நினைக்கப்படுகின்றனர். முதிய வீரனைத் திரைக்கு மீட்க விழையும் கலைஞர் இக்கூத்திடம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. எழுப்பியவனிடம் அவன் இழந்தவற்றைக் கேட்க வேண்டும். கேட்டபின் அவனை உறங்கவிட வேண்டும்.